முன் அறைக் கணப்பு

நவம்பர் 3

கரிவாளியைத் தூக்கியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையலறை அடுப்புக்கு மட்டும் கரி கொண்டுவந்தேன். முன் அறையில் குளிர்காயும் கணப்பில் நெருப்புப் போடவில்லை. அவர் கட்டிலில் கிடந்தபடியே இடது கையால் கணப்பைக் காட்டினார். பக்கவாதம் வந்து நாற்பது நாளாகிறது. வாய் போய்விட்டது, அந்தக் கை ஒன்றுதான் பாக்கி. "என்ன வேணும்?" என்றேன்.

தெரியாமலா கேட்டேன்?

நவம்பர் 4

இன்றும் போடவில்லை. இடுப்பு சரியாகிவிட்டது.

நவம்பர் 9

கணப்புச் சாமான்களை எல்லாம் துடைத்து வைத்தேன். இடுக்கி, கிளறுகம்பி, சாம்பல் அள்ளும் தகரத்தட்டு, சல்லடை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கரிக்கிடங்கில் சூப்பர்வைசர் வேலை அவருக்கு. கரி வீட்டுக்குச் சும்மாவே வந்தது. அப்படியும் தினம் காலையில் சாம்பலைச் சலிப்பார். பாதி எரிந்த துண்டு ஒன்று அகப்பட்டால் போதும், என் சாப்பாட்டுத் தட்டில் கொண்டுவந்து வைப்பார். "மொதல்ல இத முழுங்கு, அப்புறம் சாப்பிடு." முழுங்க வைத்ததில்லை. நான் அழுகிறவரை எதிரே நிற்பார், அவ்வளவுதான். ஆறு வயதில் மகள் அதைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் தணல் ஒன்று தெறித்து ஜமுக்காளத்தில் விழுந்தது. இடுக்கி அவர் கையில்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "கையால எடு" என்றார். எடுத்தேன். முப்பத்தோரு வருஷமாகிறது. எழுதும்போது பேனா பிடித்திருப்பது இந்த இரண்டு விரலுக்கும் தெரியாது.

நவம்பர் 15

மகள் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"அப்பா கை ஐஸ் மாதிரி இருக்கே. ஏம்மா நெருப்பு போடல?"

"புகைபோக்கி அடைச்சிருக்கு. ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

பொய் எவ்வளவு சரளமாக வந்தது! "சீக்கிரம் வரச் சொல்லும்மா. எங்க வீட்ல இடம் இருந்தா நானே..." என்று இழுத்தாள். குளிர் தாங்காமல் அரை மணியில் கிளம்பிவிட்டாள்.

நவம்பர் 18

அவர் தலைமாட்டுத் தண்ணீரில் பனி ஏடு கட்டியிருந்தது. ஸ்பூனால் உடைத்துப் புகட்டினேன்.

நவம்பர் 21

இன்று போட்டுவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக. காகிதம், சுள்ளி, மேலே கரி எல்லாம் அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்தேன். அவர் கை மெதுவாக எழுந்தது. கும்பிடப்போகிறார் என்று நினைத்தேன் — பாவி மனசு, நினைச்சுத் தொலைச்சுது. கும்பிடவில்லை. விரலை ஆட்டினார். கரி ஜாஸ்தி, எடு என்று. வாய் போயும் இந்த மனுஷனுக்கு அந்த விரல் போகலையே!

குச்சியை ஊதி அணைத்தேன்.

வேறு ஏதாவது சொல்ல வந்தாரோ? வந்திருக்கட்டும். எனக்கென்ன?

நவம்பர் 25

நர்ஸ் வந்து குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"சளி நல்லா கட்டியிருக்கு. இந்த ரூம்ல என்னாலயே நிக்க முடியல. இவர எப்படிம்மா இங்க போட்டு வெச்சிருக்கீங்க?"

"அவருக்குச் சூடு ஆகாது."

"இன்னிக்கே நெருப்பு போடுங்க. நாளைக்கு டாக்டரோட வர்றேன்."

சரி என்றேன். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு முன் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்தேன். மூச்சு இழுக்கிற சத்தம் சமையலறை வரை கேட்டது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் கேட்கவில்லை.

நவம்பர் 26

டாக்டருக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

நவம்பர் 28

காலை ஏழு மணிக்கே முன் அறைக் கணப்பைப் பற்றவைத்தேன். துக்கம் கேட்க வருகிறவர்களைக் குளிரிலா உட்காரவைப்பது? கட்டிலை மடக்கிவிட்டு நாற்காலி போட்டாயிற்று. கிடங்கு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் கையை நெருப்புக்கு நேரே நீட்டிக்கொண்டார்கள்.

அவர்களில் கரி எடை போடும் எடைமேடைக்காரர் கண்ணைத் துடைத்தபடி, "ரூம் எவ்வளவு கதகதப்பா வெச்சிருக்கீங்கம்மா. குடுத்து வெச்சவர் சார்" என்றார்.

மகள் நெருப்பையே, புகை தடையில்லாமல் மேலே போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கரி போட்டேன்.