பலகைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

மணவாள நகர்
4.3.1973

அன்புள்ள கலாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

பழவேற்காட்டிலிருந்து வந்த முனுசாமி ஒரு சமாச்சாரம் சொன்னான். சென்னை கிளப்காரர்கள் ஞாயிறுதோறும் காலில் பலகை மாட்டிக்கொண்டு, மோட்டார் படகின் பின்னால் கயிறு பிடித்து ஏரியில் சறுக்குகிறார்களாம். அவர்கள் கழித்துப் போட்ட பலகைக்கு நீ பழைய ரப்பர் கம்பூட்ஸை வெட்டிக் கால்பிடிப்பு செய்கிறாயாம். நிச்சயம் முடிந்த மறுவாரமே இந்தத் திருப்பணியா? அம்மா, "இன்னாடா, டயர் கடைக்காரியையா கட்டிக்கினு வரப் போற?" என்கிறாள்.

நம் தாத்தா வலை இழுத்தார். அந்த மீன் வாடை போக நான் படித்து, ஆபீஸில் நாற்காலி பிடித்தேன். நீ மறுபடி தண்ணீரில் இறங்குகிறாய். அறிவு கொஞ்சம் இருக்கிறதென்று நினைத்திருந்தேன்.

பிரியமுள்ள,
துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
9.3.1973

அன்புள்ள அத்தானுக்கு,

முனுசாமி பாதிதான் சொல்லியிருக்கிறான். ரப்பர் கிழிந்ததும் கிளப்காரர்கள் பலகைகளைக் கரையில் எறிந்துவிட்டார்கள். அவர்களுக்குப் படகு ஓட்டும் எங்கள் அண்ணன் கலியன் அவற்றைப் பழவேற்காட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தான். இங்கே நான் வேலை செய்யும் கம்பெனி ஸ்டோரில் கிழிந்த கம்பூட்ஸ் கிடந்தன. மானேஜரைக் கேட்டுத்தான் எடுத்தேன்.

முதலில் பூட்ஸை முழுசாகப் பலகையில் திருகாணி போட்டு முடுக்கினேன். விழுந்தபோது கால் கழலவில்லை. பலகை மேலே, தலை கீழே. அண்ணன் குதித்துத் தூக்கினான். "நீச்சல் தெரிஞ்சிக்கினு இடுப்பளவு தண்ணில சாவப் பாத்தியே" என்று திட்டினான். பிறகு பூட்ஸின் மேல்பாகத்தை அறுத்தேன். விரல் பக்கம் திறந்துவிட்டு, குதிகாலுக்கு லாரி டியூப் பட்டை வைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவினால் கால் நுழைகிறது. விழுந்தால் கழன்றுவிடுகிறது.

உங்களுக்கு நாற்காலி கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அதைவிட்டு எழுந்திருக்கவே கூடாதென்று யாராவது சொன்னார்களா? ஒரு ஞாயிறு வந்து பாருங்கள்.

கலா


மணவாள நகர்
20.3.1973

கலாவுக்கு,

ஞாயிறன்று வந்தேன். படகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அண்ணனின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ விழுகிறாய், எழுகிறாய், மறுபடி விழுகிறாய். கிளப்காரர்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் உன் மானேஜரைப் பார்த்து, ஸ்டோர் சாமானை எடுத்து விளையாடுகிறாய் என்று சொன்னேன். நீ அனுமதி கேட்டது தமக்கு நினைவில்லை என்றார். கோபப்படாதே, உன் நன்மைக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு வேலை எதற்கு? வைகாசியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம்.

துளசிராமன்


பழவேற்காடு
2.4.1973

திரு. துளசிராமன் அவர்களுக்கு,

நினைவில்லை என்பதை மானேஜர் என் முகத்துக்கு நேராகவும் சொன்னார். வேலை போய்விட்டது. கம்பெனி சாமானைத் திருப்பிக் கொடு என்றார். அறுத்துப் போட்ட மேல்பாகங்களை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். "அக்கா புள்ளையாச்சேன்னு பாத்தேன். இப்போ நீ இன்னா சொல்ற?" என்றார். வேண்டாம் என்றேன். நிச்சயப் புடவையையும் வளையலையும் அண்ணன் கொண்டுவந்து தருவான். அத்தை மேல் எனக்கு வருத்தமில்லை.

கொட்டகையைவிட்டு வெளியே வந்து, "ஏறி வாடி" என்று நீங்கள் கத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பிறகு உங்களைக் கட்டிக்கொண்டும் இருப்பேன். ஒளிந்து நின்று பார்த்துவிட்டு, மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மானேஜர் முன்னால் கைகட்டி நின்றவரோடு என்ன குடித்தனம் நடத்துவது? கூசியது என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்கும் கூசியது.

நேற்று பலகைமேல் நின்றுவிட்டேன். மணல்திட்டைச் சுற்றி அண்ணன் படகைத் திருப்பியபோதும் விழவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கரையேறியதும் பக்கத்து வீட்டு கோவிந்தம்மா, "எனக்கும் ஒரு ஜோடி பண்ணிக் குடு" என்றாள். அவளுக்கு அகலப் பாதம். காலைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்திருக்கிறேன். ரப்பர் தேட வேண்டும், இத்தோடு முடிக்கிறேன்.

ரா. சந்திரகலா