முனைவர் பட்டம் கட்டாயம்

மார்ச் 4

என் அருமை வாயாடிக்கு,

நலமா என்று கேட்டால், "முதல்ல நீ சாப்பிட்டியா?" என்பாய். சாப்பிட்டேன்.

முடிந்துவிட்டதடி! மருத்துவமனை நிர்வாகத்தில் முனைவர். வீட்டுக்காரம்மா விஷயம் கேட்டதும் முழங்காலை நீட்டி மாத்திரை எழுதச் சொன்னார். "அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இப்போது நாலு வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தலாம். அறுநூறு படுக்கை ஆஸ்பத்திரியில் துணை நிர்வாகி ஆகலாம். சுகாதாரத் துறையில் திட்டம் போடும் வேலை ஒன்று. நொடித்த ஆஸ்பத்திரிகளுக்கு யோசனை சொல்லும் கம்பெனி ஒன்று. எதை எடுக்கட்டும்? நீதான் சொல்ல வேண்டும்.

உன் நெட்டை

மார்ச் 19

அடி நெட்டை, முனைவரம்மா,

மருந்து வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு உன் கடிதத்தை வார்டுக்கே வாசித்தேன். நாலு வழி எண்ணத் தெரிந்தவளுக்கு ஐந்தாவது கண்ணில் படவில்லையா? இதே ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் நர்சுகளாக இருந்தபோது துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து என்ன பேசினோம்? "நான் படிச்சிட்டு வந்து நிர்வாகம் பாக்கறேன், நீ வார்டைப் பாத்துக்கோ" என்றது நீதானே?

பழைய நிர்வாகி ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. அந்த வேலையையும் நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். டியூட்டிப் பட்டியல், ஆக்சிஜன் சிலிண்டர், சண்டைக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் என் தலையில். பெரிய டாக்டர் இரண்டு தடவை ஆள் எடுக்கப் பார்த்தார். விளம்பரம் எழுதச் சொன்னது என்னிடம்! தகுதி என்ற இடத்தில் 'முனைவர் பட்டம் கட்டாயம்' என்று போட்டுவிட்டேன். நூற்றிருபது படுக்கைக்கு எந்த முனைவர் வருவார்? ஒருத்தரும் வரவில்லை. இடம் உனக்காக அப்படியே இருக்கிறது.

வந்துவிடுடி. வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போச்சு.

உன் வாயாடி

ஏப்ரல் 11

வாயாடி,

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அடிப் பாவி, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நீ ஒருத்திதான்! அந்த வரி இருக்கும்வரை உனக்கும் அந்த வேலை கிடைக்காதே, யோசித்தாயா? நான் ஐந்து வருஷம் படித்ததை நீ நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாய்.

உன்னிடம் ஒன்று மறைத்தேன். எதை எடுக்கட்டும் என்று கேட்டபோதே பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தேன். இந்த ஊர் வகுப்பறை எனக்குப் பிடித்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லப் பயம். ஐந்தாவது வழி மறக்கவில்லை, எழுதத்தான் தைரியம் வரவில்லை.

பெரிய டாக்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு இவளை நியமியுங்கள், முனைவராகச் சொல்கிறேன் என்று. பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டது அதுதான் முதல் தடவை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

நெட்டை

மே 2

நெட்டை,

பெரிய டாக்டர் கூப்பிட்டார். "என்னம்மா, உங்க சிநேகிதி என்னையே மிரட்டி எழுதியிருக்காங்க?" என்று சிரித்தார். என் கண்ணெதிரே அந்த வரியை அடித்தார். திங்கட்கிழமையிலிருந்து நான் நிர்வாகி. வார்டில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

திட்டச் சொன்னாய். இரண்டு காகிதம் நிறையத் திட்டி எழுதிக் கிழித்துப் போட்டேன். நிர்வாகி அறையில் இரண்டு மேசை போட இடம் விட்டு பீரோவை மூலைக்குத் தள்ளி வைத்திருந்தேன். நேற்று அதை நடுவில் இழுத்துப் போட்டாயிற்று. அறை இப்போது சரியாகத்தான் இருக்கிறது.

நல்லாப் பாடம் நடத்து. வேளைக்குச் சாப்பிடு. எனக்கு வேண்டியிருந்தது வேலை இல்லையடி, நீதான். இப்போதும் நீதான். ஆனால் வா என்று இனி எழுத மாட்டேன்.

வாயாடி