கிரண் கல்யாணத்துக்கு இடம் பார்த்த கதை

ஆதம்பூர்
தீபாவளி கழிந்த மூன்றாம் வாரம்

அன்பு மகள் தீபோவுக்கு உன் பீபி எழுதிக்கொள்வது. வாஹேகுருவின் தயவில் இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி அங்கதும் அந்த ஊர்ப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் குருத்வாராவில் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்குக் கொஞ்ச நாளாக வயிற்றெரிச்சல். உன் அப்பா சோடா உப்பைக் கரைத்துக் கரைத்துக் கொடுக்கிறார். இது சோடா உப்புக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? போனில் உன்னிடம் சொல்லலாமென்றால் உன் தங்கை கிரண் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். நம் தெரு பிந்தர் புதன்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் நெய்யில் வறுத்த பஞ்சீரி மாவு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், பஞ்சீரியை வெயில் படாமல் வை, அங்கே வெயில் ஏது, சரி விடு.

கிரண் போகப்போகிற வீட்டைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, மாமியார் எப்படி என்று. நன்றாக இருக்கிறாள், அதுதான் என் கஷ்டம். ஊரில் மற்ற அம்மாக்கள் எல்லாம் சம்பந்தியம்மா மகளைப் படுத்துவாளோ என்று பயப்படுகிறார்கள், நான் ஒருத்திதான் மகளும் மாமியாரும் இப்படி இழைகிறார்களே என்று வெந்துகொண்டிருக்கிறேன். பரம்ஜோத் கௌர் என்று பெயர், ஜலந்தரில் வீடு, காரைத் தானே ஓட்டிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்குகிறாள், என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள், பார்த்தால் உன் அக்கா மாதிரி இருக்கிறாள். கிரண் பிறந்ததிலிருந்து மூன்று கரண்டி சர்க்கரை போட்டு டீ குடித்தவள், அவள் சர்க்கரை சேர்ப்பதில்லை என்று இவளும் விட்டுவிட்டாள். நான் எத்தனை வருஷம் சொன்னேன். அவளை மம்மா என்கிறாள். நாம் கிராமத்து மனிதர்கள், எனக்குப் பீபி என்ற பெயரே போதும் என்றுதான் இருந்தேன், ஆனால் அந்த மம்மாவை அவள் இழுத்துச் சொல்கிற விதத்தைக் கேட்டால் உனக்கும் பொறுக்காது.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு இடம் பார்க்கப் போனோம். பெண் வீட்டுக் கல்யாணம், இடம் பார்ப்பது நம் வேலை, ஆனால் பரம்ஜோத் வந்து நின்றுகொண்டு, அக்கா நீங்க எதுக்கு அலையணும், நானும் கிரணும் பாத்துக்கறோம் என்றாள். நான் விடுவேனா, துப்பட்டாவை மாற்றிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஆனந்த் காரஜ் கல்யாணச் சடங்கு நம் ஊர் குருத்வாராவில்தான், அதில் இரண்டு பேச்சில்லை. அதற்குப் பிறகு விருந்துக்கும் ஆட்டபாட்டத்துக்கும்தான் இடம் வேண்டும். முதலில் ஹோஷியார்பூர் சாலையில் ஒரு கின்னோ ஆரஞ்சுத் தோட்டம், உள்ளே புல்வெளி, ஓரத்தில் சின்னதாக ஒரு கூடம். காய் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. பரம்ஜோத் காரை விட்டு முழுதாக இறங்கக்கூட இல்லை. அங்கிருந்து நேரே ஜலந்தர் புறவழிச் சாலையில் இருக்கிற பெரிய கல்யாண பேலஸுக்குக் கூட்டிப் போனாள். அதை என்னவென்று எழுத, வாசலில் நீரூற்று, உள்ளே கண்ணாடிப் படிக்கட்டு, மணப்பெண் மேலேயிருந்து ஊஞ்சலில் இறங்குவாளாம், கீழே மேகம் மாதிரி வெள்ளைப் புகை கிளம்புமாம். மேனேஜர் ஒரு தடவை புகையைப் போட்டும் காட்டினான். கிரண் கை தட்டினாள். பிறகு மாமியாரும் மருமகளும் மேடை சோபாவில் உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போது அந்த மேனேஜர் பரம்ஜோத்தைப் பார்த்து, பொண்ணோட அம்மா நீங்கதானே, மூக்கும் முழியும் அப்படியே இருக்கே என்றான். நான் மூன்று பேருடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிறேன். தீபோ, உன் தங்கை சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை, சிரித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் ரொட்டி தொடவில்லை. மறுநாள் உன் அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறி, உருளைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்குக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே ஒரு பேலஸ், அங்கே போய் தேதியைச் சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டுக்கு நடக்கிற தூரம், பரம்ஜோத்துக்கு ஒரு மணி நேரப் பயணம், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. உன் அப்பா கிடங்கு வாசனையை மோந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு பாங்ரா ஆடுவாங்களா என்று கேட்டார். ஆடட்டும் என்றேன்.

இது கிரணுக்குத் தெரியாமலா போகும். நான் அடுக்களையில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கொட்டிவிட்டேன், உனக்கு அவதான் அம்மான்னா கல்யாணத்தை அவ வீட்டு மாடியிலயே வெச்சுக்கோ, நான் எதுக்கு என்று. சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால் எதிரில் உட்கார்ந்து கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“பீபி, உன்கிட்ட எனக்குச் சண்டை போடத் தெரியும். வேணாம், முடியாது, போன்னு எல்லாம் சொல்லிடுவேன். அவங்ககிட்ட அந்த வார்த்தை வாயில வர மாட்டேங்குது. இனிமே நான் இருக்கப்போறது அவங்க வீட்ல.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பெரிய பேலஸ் அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம். பனிக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பு வருமே, உனக்குத் தெரியாததா, மேனேஜர் புகையைப் போட்டபோதே நெஞ்சை அடைத்ததாம், அதை மறைக்கத்தான் கை தட்டினாளாம். கட்டிக்கொள்ளப்போகிற உதய்பீருக்கு இழுப்பு விஷயம் தெரியும், தங்கமான பையன், ஆனால் மாமியாரிடம் சொல்ல இவளுக்குக் கூச்சம், வருவதற்கு முன்னாலேயே நோயாளி என்று பெயர் வாங்க வேண்டாமாம். மேனேஜர் அம்மா என்று கேட்டபோது ஏன் சிரித்தாய் என்று அதையும் விடாமல் கேட்டேன். அவங்க முகம் மலர்ந்துடுச்சு பீபி, நான் எப்படி இல்லன்னு சொல்றது என்றாள். அவள் மனசுக்குப் பிடித்தது அந்தக் கின்னோத் தோட்டமாம். பிப்ரவரியில் பழம் எல்லாம் பழுத்திருக்கும், அதற்கு நடுவில் நின்றால் போதும் என்றாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதலில் எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அவளைவிட என்னிடம்தான் இவளுக்கு உரிமை என்று ஒரு சந்தோஷம். அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை, பிறகுதான் பயம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாத வீட்டுக்கா பிள்ளையை அனுப்புகிறோம் என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஜலந்தருக்குப் போனேன். பரம்ஜோத் பதறிப்போய் உட்காரவைத்து லஸ்ஸி கொடுத்தாள், வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன், உங்க பேலஸ்ல என் பொண்ணு உயிரையே வெச்சிருக்கா, நான்தான் ஒத்துக்க மாட்டேன், எனக்கு அந்தக் கின்னோத் தோட்டம்தான் வேணும், ஊஞ்சல் கூடாது, அந்தப் புகையும் கூடாது, எனக்கு இருமல் வருது என்று. அவள் முகம் சுருங்கிவிட்டது. என்மேல் உங்களுக்கு என்ன கோபம் அக்கா என்று கேட்டாள்.

“கோபம் இல்ல. பொறாமை. எல்லாத்தையும் நீங்களே செஞ்சா, பெத்தவ நான் எதுக்கு இருக்கேன்?”

அவளிடம் நான் சொன்ன பொய்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் நிஜம், அதனால்தானோ என்னவோ அவள் பேலஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். லஸ்ஸி தம்ளரை எடுத்து மேஜையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். கடைசியில், சாப்பாடு நான் சொல்றபடிதான் நடக்கணும் என்றாள். சரி என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பினாள், ஆனால் பஸ் நிலையம்வரை காரில் கொண்டுவிடவில்லை.

உன் அப்பா கிடங்குப் பேலஸ்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சொன்ன தேதியை ரத்து செய்துவிட்டு வந்தார், கின்னோத் தோட்டம் முடிவாகிவிட்டது. இதன் பலன் என்ன தெரியுமா? சம்பந்தியம்மா பெரிய ராங்கிக்காரி என்று அவர்கள் சொந்தத்தில் எல்லாம் பேச்சு, சம்பந்தம் பேசி முடித்தவர் வந்து உன் அப்பாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டுப் போனார். போன ஞாயிறு பரம்ஜோத் கிரணைத் துணி எடுக்கக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் அவள் தலையைத் தடவி, இந்த அம்மாவ வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படிம்மா காலம் தள்ளினே, பாவம், இனிமே எதுன்னாலும் என்கிட்ட தைரியமா சொல்லு என்றாளாம். கிரணும் அந்த வேகத்திலேயே இழுப்பு விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். அவ்வளவுதானே, எங்க அண்ணனுக்கும் இருக்கு என்று பரம்ஜோத் அப்போதே தனக்குத் தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டாளாம். கிரண் வீட்டுக்கு வந்து இதை மூச்சுவிடாமல் சொன்னாள், கண்ணெல்லாம் சிரிப்பு. நான் நல்லது என்றேன். என்னைக் குறை சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் முன்னைவிட ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். இனி இவளுக்கு அங்கே வேண்டாம் என்று சொல்ல வாய் வரும். நான் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது, ஆனாலும் பார், கிரண் மாடியில் அவளோடு போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டால் நான் மிக்ஸியை ஓடவிடுகிறேன்.

ஜனவரிக் கடைசியிலேயே கிளம்பி வந்துவிடுங்கள், டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே. அங்கதுக்குத் தலைப்பாகைத் துணி இங்கேயே எடுத்துக்கொள்ளலாம், உன் வீட்டுக்காரருக்குக் குர்தா தைக்க அளவை மட்டும் எழுதி அனுப்பு. இராத்திரி வேலைக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போ. உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் குரு கொடுக்கட்டும், உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வந்து இறங்கியதும் பரம்ஜோத் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க பீபி ரொம்பப் பொல்லாதவங்க என்று ஆரம்பிப்பாள். நீ எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். கிரண் பக்கத்தில் இருந்தால் அவளையும் பார்த்துக்கொண்டு, ஆமாம் ஆண்ட்டி, சின்ன வயசிலேருந்தே அப்படித்தான் என்று சொல்லிவிடு.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
பீபி பல்ஜிந்தர் கௌர்