மாலை போட்ட என் படம்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

தேவாலயப் பூசையால் வந்து வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றபோது டெனிஸ்டன் போன் எடுத்தான். நல்ல சேதி என்று நினைத்துக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பெரியம்மாவை அனோஜாவுக்குக் குடுத்திட்டன்."

அவனுடைய முதல் முழுநீளப் படம். ஒரு செத்தவீட்டுக் கதை. கடைசியில் செத்தவளின் தமக்கை விமானத்தால் இறங்கி நேரே மண்டபத்துக்கு வருகிறாள். அவள்தான் பெரியம்மா. பக்கம் பக்கமாக அவள் மட்டுமே பேசுகிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பி "வாசிச்சுப் பாருங்கோ அக்கா" என்றவன் இவன்தான். நான் பாடமாக்கிவிட்டேன். ஒருவரும் கேட்காமல் பாடமாக்கியது என் மடமை.

அனோஜாவுக்கு முப்பத்துநாலு வயது. நரை பூசப்போகிறார்கள்.

எனக்கு முதன்முதலில் நரை பூசியபோது வயது இருபத்தாறு. கோவில் மண்டபம், முகப்பவுடர். வியர்வையில் கரைந்து கழுத்தால் ஓடியது. அன்றிலிருந்து கிழவி என்றால் செலீனைக் கூப்பிடு. மாமியார், விதவை, கூன் விழுந்தவள், பிதற்றுகிறவள். பிறகு ஆங்கிலத் தொடர்களிலும் கூப்பிட்டார்கள்: ஆஸ்பத்திரியில் அழும் தாய், முகாமில் அழும் தாய். ஒன்றில் என் பெயருக்கு நேரே "அழும் பெண் – இரண்டு" என்று போட்டார்கள். ஒன்று யாரென்று இன்றுவரை தெரியாது. இப்போது ஐம்பது கிட்டுகிறது, நரை தானாகவே வந்துவிட்டது, பவுடர் வேண்டாம். இந்த நேரம் பார்த்துப் பவுடர் பூச ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கிறான்.

ஏன் என்று கேட்டேன்.

"அவவுக்கு இன்ஸ்டாகிராமில நிறைய ஆக்கள் இருக்கினம் அக்கா. உங்களை விடேல்லை. செத்தவவின்ர படம் நீங்கள்தான்."

படம். மாலை போட்டுச் சட்டத்தில் வைக்கிற படம்.

என் மனுசன் மாக்கஸிடம் சொன்னேன். "உது உன்ர அலுவல்" என்றார். அவருடைய கணக்கில் கல்விச் சபை அலுவலகத்தில் நான் கணினிக்கு முன் இருப்பது வேலை. நடிப்பது என் அலுவல். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன்? படமாகவாவது அந்த மண்டபத்தில் நிற்கலாம் என்றா? வெட்கக்கேடு.

பெப்ரவரி 15, சனி

மில்லிக்கனில் ஒரு பிளாசாவுக்குள் ஸ்ரூடியோ. பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை, சட்டையெல்லாம் மணம். செத்தவள் சைவக்காரி என்பதால் எனக்குத் திருநீறும் பெரிய குங்குமப் பொட்டும்.

"சிரியாதேங்கோ அன்ரி. ஆனா சந்தோசமா இருங்கோ" என்றான் படம் பிடித்த பொடியன். இருபது வருடமாகப் பழகிய முகம், அதுவும் செய்தது.

டெனிஸ்டன் மரண அறிவித்தல் ஒன்றும் அடித்திருந்தான். மண்டபத்தில் கதிரைகளில் வைக்க. அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெக்ஸ்போர்ட்டை வதிவிடமாகவும் கொண்ட மங்கையற்கரசி இராஜரட்ணம் அவர்கள்... அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும்... எல்லாம் அச்சு அசல். என் முகத்தின் கீழே தீபம் எரிகிறது. "உண்மை மாதிரியே இருக்கோ அக்கா?" என்று பெருமையாகக் கேட்டான்.

உண்மை கூடிப்போனது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று செத்தவீட்டுக் காட்சிகள் எடுக்கிறார்கள். பெரியம்மா வருவது மட்டும் மாதக் கடைசியில். சட்டத்தில் இருக்கிற படத்துக்கு ஆள் நேரில் போகத் தேவையில்லை. வீட்டில் இருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

நான் செத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த றோசலின் அன்ரி நேற்று அழுகிற கூட்டத்தில் ஒருவராகப் போயிருக்கிறா. கதிரையில் கிடந்த அறிவித்தலைப் படம் எடுத்து, "பாருங்கோ நான் எங்க வந்திருக்கிறன் எண்டு" என்று எழுதிப் பங்கு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருக்கிறா. அங்கிருந்து போனபோது எழுத்து கழன்றுவிட்டது, படம் மட்டும் போனது. மத்தியானத்துக்குள் மொன்றியல், லண்டன், பரிஸ், மன்னார்.

பின்னேரம் வீட்டுப் போனுக்கு வந்த முதல் அழைப்பை மாக்கஸ் எடுத்தார்.

"இல்லை, இருக்கிறா. கீழ உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிக்கிறா."

மறுபக்கத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அவர் போனை வைத்துவிட்டுப் படியால் இறங்கி வந்தார். "மனதைத் தேற்றட்டாம். முதல் கிழமை எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்குமாம், ஆள் வீட்டில நடமாடுற மாதிரி."

பெயர் வேறு, சமயம் வேறு, ஊர் வேறு. எப்படி நம்பினார்கள்? மாலையில் என் சித்தி மகள் விளக்கினாள். "அது உங்கட கேஸ் பேர் எண்டு நினைச்சம் அக்கா."

அதுதானே. வேறொருவரின் பாஸ்போட்டில் வந்து, அந்தப் பெயரிலேயே அகதி வழக்குப் பேசி, அந்தப் பெயரிலேயே வேலை செய்து, வீடு வாங்கிய சனம் நாங்கள். மாக்கஸை முதல் வேலை செய்த பேக்கரியில் இன்றைக்கும் ஜனார்த்தன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறிவித்தலில் வேறு பெயரைக் கண்டு இங்கே ஒருவரும் திடுக்கிடப் போவதில்லை. பெயர் பொருந்தாததுதான் அவர்களுக்கு உறுதி.

ஆனால் நான் என் சொந்தப் பெயரில்தான் வந்தேன். அதையும் விட்டுவைக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

அலுவலக வேலையை ஒருபக்கம் வைத்துவிட்டு அஞ்சலிகளை வாசித்தேன். வாசிக்கக்கூடாது என்று தெரியும்.

"கலைத்தாய்." "எங்கள் எல்லோருக்கும் மேடையில் அம்மாவாக வாழ்ந்தவர்." "அவர் அழுதால் மண்டபமே அழும்." என்னைவிட மூத்த ஒருவர் தான் என் மடியில் வளர்ந்ததாக எழுதியிருக்கிறார். ஒரு நாடகத்தில் மகனாக நடித்தார், அவ்வளவுதான்.

ஒருவர்கூட நான் நடித்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுதவில்லை. அகதி விசாரணை நாடகம். நாடகம் முழுக்க மற்றவர்களின் வாக்கைத் திருப்பிச் சொல்லுகிறவள், தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாதவள். அழுகை இல்லை, நரை இல்லை. என் வயதுக்கு நான் நடித்த ஒரே ஆள். மூன்று காட்சி ஓடியது. அதற்கு நான் எத்தனை நாள் விசாரணை மண்டபத்துக்கு வெளியில் போய் இருந்து பார்த்திருக்கிறேன்! செத்தாலும் அது ஞாபகம் வராதென்றால் இவர்கள் இவ்வளவு காலமும் என்ன பார்த்தார்கள்?

மார்ச் 5, விபூதிப் புதன்

மாலைப் பூசைக்குப் போனேன், வேண்டுமென்றே. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மனுசி திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டா. சாமியார் விரலைச் சாம்பலில் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். மண்ணுக்குத் திரும்புவாய் என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பரவாயில்லை சாமி, போடுங்கோ" என்றேன்.

வெளியில் றோசலின் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டா. "பிள்ளை, நான் நல்ல எண்ணத்தில அனுப்பினது. நான் நிண்ட இடத்தைக் காட்டத்தான்."

"உங்கட முகம் அதில இல்லையே அன்ரி."

"இல்லைத்தான். அதுதான் எனக்கும் கவலை."

மார்ச் 8, சனி

மரியரட்ணம் அண்ணை வீட்டுக்கு வந்தார். எங்கள் நாடக மன்றத் தலைவர். எனக்கு முதல் நரை பூசியவரும் அவர்தான். நான் உயிரோடிருப்பதில் அவருக்குச் சந்தோசம்தான், கொஞ்சம் வருத்தமும் தெரிந்தது.

"அஞ்சலிக் கூட்டத்துக்கு மண்டபம் எடுத்திட்டம் தங்கச்சி. பனர் துணியும் அடிச்சாச்சு. ஆறு பேர் பேச எழுதி வைச்சிருக்கினம்."

"அதுக்கு?"

"பாராட்டு விழாவா மாத்துவம். 'கண்ணீர் அஞ்சலி' எண்ட இடத்தில ஒரு துண்டு ஒட்டினாச் சரி. பேச்சில 'இருந்தார்' எண்டதை 'இருக்கிறார்' எண்டு வாசிக்கச் சொல்லுறன்."

பகிடி இல்லை. மனுசன் நெஞ்சாரச் சொன்னார்.

"அண்ணை, இவ்வளவு காலத்தில நான் அழாத ஒரு பாத்திரம் மன்றத்தில ஏன் தரேல்லை?" என்று கேட்டேன். வாயால் வந்துவிட்டது. அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நீர் அதை நல்லாச் செய்தனீர். நல்லாச் செய்யிறதைத்தானே திருப்பித் திருப்பிக் கேக்கலாம்."

வரமாட்டேன் என்றேன். மாக்கஸ் அவரைக் கார்வரை கூட்டிக்கொண்டு போனார்.

மார்ச் 10, திங்கள்

டெனிஸ்டன். மன்னிப்பு, பிறகு யோசனை. நான் உயிரோடிருக்கிறேன் என்று ஒரு சின்ன வீடியோ செய்தால் வதந்தியும் நிற்குமாம், படத்துக்கும் நல்லதாம்.

"உயிரோட இருக்கிறனெண்டு காட்ட எனக்கு ஏற்கெனவே ஒரு இடம் இருந்தது. நீ எடுத்துக் குடுத்திட்டாய்."

"அக்கா, அது முடிஞ்சுபோன விசயம்."

"அப்ப மாலை போட்ட என்ர படத்தைக் கழட்டு."

"ஒரு நாள் முழுக்க உங்கட படத்தோட காட்சி எடுத்தாச்சே!"

அவனுக்குத் தேவையானது எல்லாம் என் முகத்தில் இருக்கிறது. வாயைத் தவிர.

மார்ச் 15, சனி

அனோஜா என்னைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டாள். வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோப்பிக்கடை. எரிச்சலோடுதான் போனேன். நரையில்லாமல் இன்னும் சின்னப்பிள்ளையாக இருந்தாள்.

"அம்மா விடுறா இல்லை அக்கா. உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்கு மாலை போட்டவங்கள், உடன செத்தவீட்டுச் சேதி ஊரெல்லாம் பரவிப்போச்சு, அந்த மண்டபத்துக்க நீ வெள்ளைச் சீலையோட போகக்கூடாதெண்டு நிக்கிறா. மாமியும் அதேதான்."

"நீர் நம்புறீரோ?"

"எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில சண்டை பிடிக்கத் தெம்பும் இல்லை."

கோப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பத்தாம் வகுப்பில எங்களை ஒரு நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. நீங்கள் மொழிபெயர்க்கிற ஆள். அந்த அம்மா தன்ர பிள்ளையைப் பற்றிச் சொல்லேக்க, நீங்கள் ஆங்கிலத்தில சொல்லத் தொடங்க முதல் பேனையை மூடினீங்கள். எனக்கு உங்களில சரியான கோவம் வந்தது. பிறகு வீட்ட போய் யோசிச்சன், ஏன் மூடினவ எண்டு."

பேனையை மூடியது. அது ஒத்திகையில்கூட இல்லை. நான்கூட மறந்திருந்தேன்.

"நான் வரேல்லை, உங்களைக் கேக்கச் சொல்லி டெனிஸ்டனுக்குச் சொல்லிட்டன்" என்றாள்.

காரில் வந்து இருந்தபிறகு கோபம் வந்தது. அவளில் அல்ல. எனக்கு அது கிடைக்கப்போவது என் நடிப்பால் அல்ல. ஒரு மாமியின் பயத்தால். சகுனத்தில் நம்பிக்கையே இல்லாத என்னை ஒரு சகுனம் வந்து காப்பாற்றுகிறது.

மார்ச் 17, திங்கள்

"அக்கா, எனக்கு ஒரு ஐடியா வந்தது" என்றான் டெனிஸ்டன். அவனுக்கு வந்ததாம். "அக்கா தங்கச்சி எண்டா முகச்சாடை இருக்கவேணும்தானே? படத்தில இருக்கிறவவும் நீங்கள், பெரியம்மாவும் நீங்கள். நல்லா இருக்கும் என்ன?"

"நல்லா இருக்கும்" என்றேன். "ஆனா நான் அழமாட்டன்."

"பெரியம்மா அழவேணும் அக்கா. எழுதியிருக்கு."

"எழுதினதை நான் பாடமாக்கி மூண்டு மாசம். அவ அழுகிற ஆளில்லை."

யோசித்துவிட்டுச் சரி என்றான். வேறு ஆள் இல்லை அவனுக்கு.

மார்ச் 30, ஞாயிறு

விட்பிக்குக் கிட்ட ஒரு மண்டபம். மாக்கஸ் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "மாலையைத் தொடாதை" என்றார்.

பவுடர் இல்லை. ஒப்பனைப் பிள்ளை என் தலையைப் பார்த்துவிட்டுச் சீப்பை வைத்துவிட்டாள்.

பயணப்பெட்டியோடு உள்ளே வரவேண்டும். வந்தேன். கூட்டம் வழிவிட்டது. எதிரே நான், பொட்டோடு, மாலையோடு, சிரிக்காமல் சந்தோசமாக. அறிந்துகொண்டே போனேன், ஆனாலும் கால் நின்றுவிட்டது. பிறகு அவனுடைய வசனத்தைத்தான் தொடங்கினேன்.

"எழும்பு. ஆரைக் கேட்டு இதில வந்து இருக்கிறாய்?"

எழுதியிருந்தபடி அடுத்து அழுகை. நான் மாலையை ஒரு பக்கம் ஒதுக்கினேன். அது அவள் கன்னத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"உனக்கு என்ன விருப்பமெண்டு இவையள் ஒருநாள் கேட்டவையோ? நீயும் சொன்னனியோ? எல்லாத்துக்கும் ஓம், ஓம், ஓம். இப்பவும் பார், வாயைத் திறக்காமல் நிக்கிறாய்."

இது அவன் எழுதியதா, நான் சொன்னதா? வீட்டுக்கு வந்து பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். பாதி அவனுடையது. மற்றப் பாதி எங்கும் இல்லை. கத்தவில்லை. அவளோடு கதைக்கிற குரலில்தான் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுப் பயணப்பெட்டியின் மேல் இருந்தேன். டெனிஸ்டன் நிறுத்தச் சொல்லாமல் நின்றான். பின்வரிசையில் றோசலின் அன்ரி உண்மையாகவே விம்மிக்கொண்டிருந்தா. அவவை யாரும் அழச் சொல்லவில்லை.

பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னா: "நீ இருக்கிறாய் எண்டு தெரியும் பிள்ளை. ஆனாலும் அண்டைக்கு நாங்கள் உன்னைப் பற்றி ஒண்டும் தெரியாமல்தான் அழுதம்."

அந்தக் காட்சியை இன்னொரு தடவை எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

விட்டுப்போன சில துண்டுகள் எடுக்க மறுபடி மண்டபத்துக்குப் போய்ப் பின்னேரம் வந்தேன். கதவைத் திறக்கும்போது மாக்கஸ் போனில் நின்றார். யாரோ இன்னும் இரங்கல் சொல்ல எடுத்திருக்கிறார்கள், வின்னிப்பெக்கோ எங்கேயோ.

"இல்லை, இருக்கிறா" என்றார். "வேலைக்குப் போயிட்டா." மறுபக்கத்தில் ஏதோ கேட்டார்கள். "சனிக்கிழமைதான். நடிப்பு வேலை. நேரங்காலம் இல்லை அதுக்கு."

என்னைக் கண்டதும் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். சப்பாத்தைக் கழற்றி அவருடையதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.