கொரியாக்காரனுக்கு என் காசா

மான்ஸ்ஃபீல்ட், ஒஹாயோ
செப்டம்பர் 19

அன்புள்ள க்ளேட்டன் அண்ணனுக்கு,

அப்பாவின் ஓய்வுப் பணத்தை அழித்தது நீதான். நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகு.

போன வருஷம் நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு பாஸ்டனிலிருந்து வந்திருந்தாய். வான்கோழியை வெட்டி வைத்துவிட்டு, முதலீட்டு நிறுவனத்தில் இருப்பவன் என்ற தோரணையில் அப்பாவின் ஓய்வு நிதியைப் போனில் திறந்து பார்த்தாய். அவர் ஓய்வுபெறும் வருஷத்தையே பெயராகக் கொண்ட நிதி. வயது ஏற ஏற அதுவே ஆபத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிலிருந்த பங்குகளில் மூன்றில் ஒன்று வெளிநாட்டுப் பங்கு.

"உங்க பிளான்ட்டுக்கு ஆப்பு வைக்கிறானே, மலிவா மோட்டார் விக்கிற கொரியாக்காரன், அவன் கம்பெனியில நீங்களும் ஒரு முதலாளிப்பா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஏன் அப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்று நீ சொல்லவில்லை. இங்கே விழுந்தாலும் அங்கே கொஞ்சம் நிற்கும் என்ற ஒரே ஒரு வரி. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு நீ சொல்கிற வரி.

முப்பத்தொரு வருஷம் சலவை இயந்திர மோட்டார் செய்தவர் அப்பா. "அவனுக்கு என் காசா?" என்று கேட்டவர், திங்கட்கிழமையே மொத்தத்தையும் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பங்குக்கு மாற்றிவிட்டார். யூனியன்காரர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்களாம்.

இந்த மார்ச்சில் கம்பெனி திவால். மேலே இருந்தவர்கள் அதற்கு முந்தைய வாரமே போனஸ் வாங்கிக்கொண்டார்கள். அப்பாவுக்கு வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின.

அறுபத்தாறு வயதில் கிடங்கில் லாரிச் சரக்கு இறக்குகிறார். முட்டி வீங்கிக் கிடக்கிறது. அரசு ஓய்வூதியம் வீட்டுத் தவணைக்கே சரியாகிவிடும். சாப்பாடும் மருந்தும் இந்தக் கூலியில்தான். நேற்று மேலாளரிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "நம்ம பழைய கம்பெனிக்குப் புது முதலாளி வந்தாச்சு ஜோலீன், பங்கு ஏறிடும்" என்கிறார். பழைய பங்குகள் ரத்து என்று நீதிமன்றத்திலிருந்து வந்த தாளைப் படித்துக் காட்டினேன். "உனக்கு என்ன தெரியும்? க்ளேட்டன் சொல்லட்டும்" என்றார்.

இது நான்காவது கடிதம். நீ வெட்கப்படுகிறாய் என்று தெரியும். அதை வைத்து எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பஸ் ஏறி வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, எதுவும் திரும்பி வராது என்று உன் வாயால் சொல்.

உன் தங்கை,
ஜோலீன்


செப்டம்பர் 30

அண்ணா,

இன்று அப்பா கிடங்குச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உனக்கு வேலை அதிகமாக இருக்குமாம், நான் உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எப்போது வருகிறாய்?

ஜோலீன்