மாமி வீட்டுக் குளிசை

மாத்தளை
15.12.1968

அன்பு மகன் மஹ்ரூபுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கும் எழுத்து கோணிப் போவதற்கும் மன்னித்துக்கொள், உன் தங்கச்சி ஹமீமா என் மடியில் கிடக்கிறாள், இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பகலில் எழுதலாம் என்றால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், அவர்கள் முன்னால் எழுத எனக்கு மனமில்லை. மருத்துவம் படிக்கப் போன கராச்சியில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், தலையை நனைத்துவிட்டு ஈரத்தோடு வகுப்புக்கு ஓடாதே. நானும் ஹமீமாவும் அல்லாஹ்வின் காவலில் நல்ல சுகம், அவள் இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். வாப்பாவின் சுகத்தை எழுத வரும்போதுதான் பேனா நிற்கிறது, ஏனென்றால் நாலு மாதமாக அதை அறிந்தவன் நீ. நான் உனக்கு அறிவிக்க என்ன இருக்கிறது, நீதான் எனக்கு அறிவிக்க வேண்டும்.

ஆனாலும் நடந்ததை என் வாயால் சொல்கிறேன், வாப்பாவின் கூடப்பிறந்த மாமி உனக்கு எப்படி எழுதினாரோ தெரியாது. நோன்புக்கு முன்னால் வாப்பா செத்தல் மிளகாய் வாங்கச் சீகிரியாப் பக்கம் போனார், இந்த வருஷம் அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு மலேரியா, வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை, நோன்புக் காலத்தில் கடையில் மிளகாய் இல்லாமல் முடியுமா என்று போய்விட்டார். நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கடைத்தெரு டிஸ்பென்சரியில் காட்டினோம், ஒரு போத்தல் மருந்து கலந்து கொடுத்து மூன்று வேளை என்றார்கள். நோன்பை விடுங்கள், நோயாளிக்குக் கடமையில்லை, பிறகு வேறு நாளில் பிடித்துக் கழாச் செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன், உன் வாப்பா சிரித்தார், நோன்பு புடிக்காத பால்குடிப் புள்ள வூட்டுல ஒண்ணு போதும் டீச்சர் என்றார். அதனால் மூன்று வேளை மருந்தையும் நான் ராவைக்குள் அடக்கினேன், நோன்பு திறந்ததும் ஒரு தரம், தராவீஹ் தொழுகை முடிந்து வந்ததும் ஒரு தரம், விடியுமுன் ஸஹரில் ஒரு தரம். நம்முடைய வீடுகளில் நோன்பில் மருந்தை இப்படித்தானே மாற்றிக்கொள்கிறோம். கசப்பில் அவர் முகம் சுளித்தபோது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினேன் மகன், ஒரு சொட்டு சிந்தவிடவில்லை.

ஒருநாள் மஃரிபுக்கு நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை மென்று மென்று விழுங்க முடியாமல் வெளியே எடுத்தார். கஞ்சியை ஒரு மிடறு குடித்தார், அது தொண்டையில் இறங்காமல் மூக்கால் வந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தார், சொல் கரைந்து போனது. இரண்டு இமையும் மூடிவிட்டன, தலை நெஞ்சில் விழுந்தது, நான் தாடையைப் பிடித்துத் தூக்கினால் நிற்கும், கையை எடுத்தால் மறுபடி விழும். நினைவு மட்டும் இருந்தது, என் கையில் ஒரு விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டார் ஓடிவந்து பாரிசவாதம் என்றார்கள். வாடகைக் கார் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனோம், மாமியும் ஏறிக்கொண்டார், வழி நெடுக அவருடைய மூச்சை நான் என் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், முன்னமே ஏதாவது மருந்து குடிக்கிறாரா என்று கேட்டார். காய்ச்சல் மருந்தைத் தவிர ஒன்றுமில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அப்போது உன் மாமி உம்மு குல்தூம், சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து மாத்திரைகள் கிடந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்து, இதையுந்தான் குடிக்கிற டாக்டர் என்று நீட்டினார். அதன் மேலே ஒட்டியிருந்த மருந்தின் பெயரைப் படித்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார், நீங்கள் மனைவிதானே என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இருந்த வெட்கத்தை நான் உனக்கு எழுத முடியாது.

ஊசி போட்டார்கள். கடைக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுக்கிற மாதிரி மெல்ல மெல்ல இமை மேலே ஏறியது, முதலில் இடது கண், பிறகு வலது. திறந்த கண் முதலில் பார்த்தது என்னை அல்ல, மாமியின் கையில் இருந்த போத்தலை. டாக்டர் என்னிடம், அந்தக் காய்ச்சல் மருந்து நல்ல கசப்பா என்று கேட்டார், நாக்கில் தொட முடியாத கசப்பு என்றேன், குயினின், இவருக்கு அது கழுத்தை நெரிப்பது மாதிரி, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்றார். நீ லீவில் வந்து வாப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போன ஆகஸ்டிலேயே, தசை சோர்கிற இந்த நோயையும் குயினின் ஆகாது என்பதையும் உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவன் நீ, ஊட்டினவள் நான்.

நரம்பைப் பற்றி எனக்கு எதுவும் விளங்காது என்று நினைத்தாயா மகன்? உனக்குப் பத்து வயதில் குசினித் தரையில் வெண்கட்டியால் நரம்புக் கலம் கீறிக் காட்டினவள் யார்? சும்மா இருக்கும்போதும் அது சும்மா இல்லை, சோடியம் அயனை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஆயத்தமாக நிற்கிறது, தூண்டல் பட்டதும் அந்த இடத்தில் வாசல் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, அது பக்கத்து வாசலைத் திறக்கிறது, பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது, இப்படியே அந்த மின்மாற்றம் நார் முழுக்க ஓடுகிறது என்று சொன்னேன். விளங்கவில்லை என்று நீ அழுதாய், அதற்காகத்தான் தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைக் கோக்கச் செய்து, ஒருவர் அழுத்தினால் அடுத்தவர் அழுத்துங்கள் என்றேன், அதே விளையாட்டை இன்றுவரை வகுப்பில் செய்கிறேன். வரிசையின் கடைசிப் பிள்ளைக்கும் தசையாக நிற்கிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு கோடு, அங்கே கை எட்டாது, மின்சாரம் தாண்டாது, ஒரு புளியங்கொட்டையைத்தான் எறிய வேண்டும். அந்தக் கொட்டைதான் அசற்றைல்கோலின். அதைப் பிடித்த பிள்ளை கையைத் தூக்க வேண்டும், உடனே இன்னொரு பிள்ளை ஓடிவந்து கொட்டையைப் பறித்துவிட வேண்டும், அது நொதியம், இல்லாவிட்டால் தூக்கின கை இறங்காது. பறிக்கிற பிள்ளையாக நீதான் நிற்பாய், வேறு யாரையும் விடமாட்டாய்.

வாப்பாவுக்கு நரம்பில் குறை இல்லை, செய்தி கடைசி வரை ஒழுங்காக வருகிறது, கோட்டைத் தாண்டின பிறகுதான் தசை அதைச் சரியாக வாங்குவதில்லை, ஏன் என்று யாருக்கும் இன்னும் நிச்சயமாகத் தெரியாது என்றார் டாக்டர். மாமியின் போத்தலில் இருந்த குளிசை அந்தப் பறிக்கிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது, கொட்டை கூடுதலான நேரம் கிடந்தால் தசை எப்படியாவது எடுத்துக்கொள்கிறது. குயினின் அந்தத் தசையை இன்னும் மரத்துப்போகச் செய்கிறது. நான் இதை டாக்டருக்கே திருப்பிச் சொன்னேன், அவர் இன்னொரு தரம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும் மகன்.

இப்போது எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்கிறேன். பின்னேரமானால் தலையை அண்ணாந்து, இமைக்குக் கீழால் என்னைப் பார்ப்பார், என்னில் ஏதோ கோபம் என்று நினைத்தேன். யாஸீன் ஓதத் தொடங்கும்போது கணீரென்று இருக்கும் குரல், முடிக்கும்போது மூக்கில் போய்விடும், தூக்கம் என்று நினைத்தேன். இறைச்சியை ஒதுக்கினார், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் மூன்றாவது வீட்டில் இருக்கிற மாமியிடம் போய் வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார், வந்து உட்கார்ந்தால்தான் சோறு மெல்லுவார். வயிற்றில் பிள்ளையோடு நின்று சமைத்த என் கறி பிடிக்காமல் மாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்து, எத்தனை நாள் குசினிப் புகையைச் சாட்டி அழுதிருக்கிறேன். அங்கே குடித்தது தேத்தண்ணியோடு குளிசை. குளிசை உள்ளே போய் அரை மணி நேரத்தில் தாடைக்குப் பலம் வரும், அந்தப் பலத்தோடு வந்து என் முன்னால் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறார். மாமியிடம் நேரே கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, நீங்க படிச்சவ, படிச்சுக் குடுக்கிறவ, நாங்க மறைச்சாலும் கண்டுபுடிச்சிருக்க வாணாமா என்றார். நான் கட்டினது ஒரு மனுசனை, வகுப்பில் கீறிக் காட்டுகிற படத்தை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வாப்பா சொல்கிறார், ஆகஸ்டில் எனக்குக் கால் வீங்கி ரத்த அழுத்தம் கூடியிருந்ததாம், சொன்னால் எனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாதென்று நீதான் சொன்னாயாம். அது சரி என்றே வைத்துக்கொள்வோம். ஒக்டோபரில் பிள்ளை பிறந்துவிட்டதே, அதற்குப் பிறகு? நீ இரண்டு கடிதம் போட்டாய், தங்கச்சிக்கு யாருடைய மூக்கு என்று கேட்டாய், இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினேழு வயது, ஊரே சிரிக்க உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பயிற்சிக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டவர் உன் வாப்பா. படிக்க வைத்த மனுசனே படிப்பு உதவ வேண்டிய இடத்தில் என்னை வெளியே நிறுத்தினால் நான் யாரிடம் போய்ச் சொல்ல. நோன்பையும் ஏன் விடவில்லை என்று கேட்டேன், விட்டா நீ ஏன்னு கேப்பாய் என்றார். அல்லாஹ் விட்டுக் கொடுத்த நோன்பை என்னை ஏமாற்றுவதற்காகப் பிடித்திருக்கிறார். அந்தக் கசப்பு குயினின்தான் என்று தெரியாதா என்றும் கேட்டேன், மருந்துன்னா எல்லாம் கசப்புத்தானே டீச்சர் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுத்தால் நான் காரணம் கேட்பேன் என்று தெரிந்தே குடித்தாரோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடுவதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்து ஐந்தாறு நாளாகிறது. குளிசைப் போத்தல் மாமி வீட்டில் இல்லை, நம்முடைய குசினியில் உப்புப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நேரம் பார்த்து நானே கொடுக்கிறேன், அதிகமாகப் போனாலும் ஆபத்தென்று டாக்டர் சொன்னதால் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துக் கொடுக்கிறேன். கடைக்கு இன்னும் விடவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதை வெட்டி எடுத்தால் சிலருக்குக் குணமாகிறதாம், அதில் கட்டி இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டுமாம், கொழும்பில் நெஞ்சுப் படம் எடுத்தீர்களா என்று கண்டி டாக்டர் கேட்டார். எடுத்தது, மகனுக்குத்தான் தெரியும் என்று வாப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகு நான் தனியாகக் கேட்டால், அதுல ஒண்ணுமில்ல என்கிறார். பெருநாள் போகட்டும், மஹ்ரூபைக் கேட்டு முடிவெடுப்போம் என்று மாமி வாசலில் நின்று அவரிடம் சொல்கிறார், நான் இந்த வீட்டில் இல்லாத மாதிரி.

முன்பெல்லாம் உன் வாப்பா பொய் சொன்னால் எனக்குத் தெரியும், கன்னத்தில் ஒரு துடிப்பு வரும், சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போவார். இப்போது அந்த முகத்தில் துடிப்பதற்கே பலமில்லை மகன், சிரித்தாலும் உதடு மேலே போவதில்லை. அவர் மெய் சொல்கிறாரா, களைத்திருக்கிறாரா, மறைக்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அந்தப் படத்தில் என்ன இருந்தது? உம்மா தாங்கமாட்டாள் என்று இனி நினைக்காதே, தெரியாமல் ஊட்டினதையே தாங்கிக்கொண்டு இருக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும், இது பிள்ளைகளுக்கு வருமா? தங்கச்சி தூங்கி விழிக்கும்போதெல்லாம் இரண்டு இமையும் ஒன்றாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன், உனக்கும் பின்னேரத்தில் எழுத்து இரண்டாகத் தெரிந்தால் மறைக்காதே.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் கடிதத்தோடு தீராது, ஆனால் உனக்காகத் துஆ செய்யாமல் ஒரு தொழுகையும் முடிப்பதில்லை. அல்லாஹ் உனக்கு நிறைந்த அறிவையும் அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்கிற தைரியத்தையும் தரட்டும். பெருநாளைக்கு அங்கே தனியாக இருக்காதே, நம் நாட்டுப் பிள்ளைகளோடு போய்த் தொழு, நல்ல சட்டை போடு. கடை விலாசத்துக்கு எழுத வேண்டாம், மாமிக்கும் எழுத வேண்டாம், வீட்டு விலாசத்துக்கு, என் பெயரைப் போட்டு எழுது.

உன் உம்மா
ஸுபைதா

மகன், பதிலைச் சீக்கிரம் போடு.