பூஜைக்கு வந்த சாவி

உ
முருகன் துணை

திருத்தணி
22-8-2004, ஞாயிறு

சிரஞ்சீவி குருநாதனுக்கும் சௌபாக்கியவதி சாய்லக்ஷ்மிக்கும் அப்பா எழுதுவது. ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அதில் பாதி உண்மை. அம்மாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்துக்கொள்கிறாள். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் சில நாட்களாக ஒரு இடத்தில் நிற்கவில்லை. உங்கள் இருவரின் சௌக்கியத்துக்கு, முக்கியமாக உன் தோள்பட்டை எலும்பின் சௌக்கியத்துக்கு, விவரமாகப் பதில் போடவும். போனில் நல்லா இருக்கேன்பா என்று நீ சொல்வதை நான் சட்டை செய்வதில்லை. போன கார்த்திகையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த இரண்டு மாதமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அரக்கோணத்திலிருந்து உன் அக்கா தேவசேனா வந்தபோது வாய் தவறிச் சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது.

இந்தக் கடிதத்தோடு உன் புது காரின் சாவியையும் அனுப்பியிருக்கிறேன். விபூதிப் பொட்டலத்துக்கும் குங்குமப் பொட்டலத்துக்கும் நடுவில் இருக்கிறது, பார்த்துப் பிரி. அதில் அங்கங்கே அரிசி மாவு ஒட்டியிருந்தால் என்னவோ ஏதோ என்று நினைக்காதே, காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்தச் சாவி விஷயமாக உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை நம்பர் போட்டேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். கோயில் மடைப்பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் அடுப்பு முன்னால் நின்றவனுக்குப் பேச்சு அவ்வளவாக வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

ஆனி மாதக் கடைசியில் உன் பார்சல் வந்தது. உள்ளே சாவி, கார் கம்பெனிக்காரனின் வழவழப்பான புத்தகம், உன் நாலு வரி. வண்டி வாங்கிவிட்டேன் அப்பா, ஷெட்டில் நிற்கிறது, இங்கே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாம்தான், ஆனால் மலைமேல் சுவாமி பாதத்தில் சாவி பட்டுவிட்டு வரட்டும், நீங்கள் நல்ல நாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியே எடுப்பேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டும் பிள்ளைக்கு மலை மறக்கவில்லை என்று அம்மா பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். புத்தகத்தைப் பிரித்துப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. போன கார்த்திகையில் வளைவில் வழுக்கி உன்னைத் தூக்கிப் போட்டதே, அதே ஜப்பான்காரனின் அதே காரை மறுபடியும் வாங்கியிருக்கிறாய்.

இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு ஓடாது என்பதால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நம் கணேஷ்ராமிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவன் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். அதே வண்டிதான் மாமா, மொகத்த மட்டும் புதுசா மாத்திகினு வந்துருக்கான், முன் பம்பர் கூரா இருக்குது பாருங்க, ஒரு லைட்டுக்குள்ளயே மூணு பல்பு, பின்னாடி வெளக்கு வளையம் வளையமா எரியும், வீலு ஒரு இஞ்சு பெருசு, டயரும் அகலம் என்று சொல்லிக்கொண்டே போனான். நீ சிவப்புப் பேனாவில் சில வரிகளுக்கு அடிக்கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் அப்பா இதைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். அதை முதலில் படிக்கச் சொன்னேன். பழைய வண்டிக்கு வளைவில் பின்பக்கம் சட்டென்று வெட்டிக்கொண்டு போகிற குணம் இருந்தது, இதில் ஸ்பிரிங்கெல்லாம் மாற்றி அதைச் சரி பண்ணியிருக்கிறார்கள், அப்படியும் வழுக்கினால் ஒரு கருவி தானாகவே பிரேக்கைப் பிடித்து நேராக்கும் என்று போட்டிருந்ததாம். அப்பன் பயப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறாய். 

ஆனால் நீ கோடு போடாத வரிகளும் இருக்கின்றனவே. அதையும் படிடா என்றேன். கணேஷ்ராம் கொஞ்சம் தயங்கினான். இன்ஜினைப் பெரிசு பண்ணியிருக்கிறார்களாம், கியர்களை நெருக்கி வைத்திருக்கிறார்களாம், நிற்கிற வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு வர ஆறு வினாடிகூட ஆகாதாம், பழசைவிட இது சீக்கிரமாம். ஆறு வினாடியில் நான் ஒரு கரண்டி பொங்கலை எடுத்துத் தொன்னையில் வைக்க முடியாது. வழுக்குகிற வண்டியை வழுக்காமல் பண்ணினார்கள் சரி, அதோடு விட்டிருக்கலாம், எதற்கு வேகத்தையும் ஏற்றினார்கள் என்று கேட்டேன். அதாம் மாமா பர்பாமன்சு, அது இல்லன்னா எவன் வாங்குவான் என்றான். மேலே கூரை துணியாம், உட்கார இரண்டே சீட்டாம். நாங்கள் அங்கே வந்தால் எதில் ஏற்றிக்கொண்டு போவாய் என்று கேட்கத் தோன்றியது, அது இப்போது முக்கியமில்லை.

புதுசு பண்ணுவதை நான் குறை சொல்கிறவன் இல்லை. போன தை மாதம் நம் மடைப்பள்ளியிலும் விறகு அடுப்பை எடுத்துவிட்டுப் பெரிய காஸ் அடுப்பு வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆகிற சர்க்கரைப் பொங்கல் அரை மணியில் ஆகிவிடும் என்றார்கள், ஆகத்தான் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, கண்ணெரிச்சல் இல்லை, எல்லாம் சௌகரியம். ஆனால் முதல் பத்து நாளும் அடி பிடித்தது. அடுப்பின் மேல் தப்பு இல்லை, அதன் வேகத்துக்கு என் கை பழகப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் பாழானது பொங்கல், கீழே கொட்டிவிட்டு மறுபடி அரிசி களைந்து வைத்தோம். நீ பழகுகிற பத்து நாளை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் எந்தக் காலத்தில் உன்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பாலிடெக்னிக் போதும் என்று சொல்ல நினைத்தேன், இன்ஜினியரிங் சேர்ந்தாய். அமெரிக்கா வேண்டாம் என்று நினைத்தேன், ஏர்போர்ட்டுக்கு வந்து புளியோதரை மூட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது முப்பது வயசுப் பிள்ளையிடம், பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்துகிறவனிடம், உன் சம்பாத்தியத்தில் வாங்கின வண்டியைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்வேன். சொன்னாலும் கேட்பாயா, கேட்டாலும் மனசு கசந்துதானே கேட்பாய். அதனால் கோழை செய்கிற காரியத்தைச் செய்தேன், பொய் சொன்னேன்.

நீ முதல் தடவை போன் பண்ணினபோது இன்னும் ஆனியில் நாலு நல்ல நாள் பாக்கி இருந்தது. அஷ்டமி, நவமி என்று சொல்லித் தள்ளினேன். அப்புறம் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் புதுசு எதுவும் ஆரம்பிக்கக் கூடாது என்றேன், அது ஒன்றுதான் நான் சொன்னதில் பொய் இல்லாதது. நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. இந்த வருஷம் காவடிக் கூட்டம் சொல்லி மாளாது, படியில் கால் வைக்க இடமில்லை, ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சாவியைச் சுவாமியிடம் வைக்க முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். சாமிநாத குருக்கள் தினமும் என் கையால் நைவேத்தியம் வாங்கிக்கொண்டு போகிறவர், ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நிமிஷத்தில் வைத்துக் கொடுத்திருப்பார். ஊரில் எத்தனையோ பேருக்குப் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்லியிருக்கிறேன், ஒருத்தருக்கும் மாற்றிச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைக்குச் சொன்னேன்.

ஆவணி பிறந்ததும் எனக்குக் காரணம் தீர்ந்து போயிற்று. உன் சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கணேஷ்ராம் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. சாவிக்குள்ள சின்னதா சிப்பு வெச்சிருக்கான் மாமா, அது இல்லன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆவாது, தண்ணி கிண்ணி படாம பத்திரமா வெச்சுக்கோங்க என்று சொல்லியிருந்தான். முந்தாநாள் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வேலுக்கு அபிஷேகம் பண்ண உட்கார்ந்தேன். சாவியை எடுத்து வேலோடு தாம்பாளத்தில் வைத்தேன். பால் விட்டேன், தேன் விட்டேன், பஞ்சாமிர்தம், சந்தனம், கடைசியில் ஒரு சொம்பு தண்ணீர். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய், அம்மாவும் அப்படித்தான் நம்பினாள், எலக்ட்ரிக் சாமானையெல்லாமா அபிஷேகத்தில் வைப்பாங்க, வயசாக வயசாக உங்களுக்குப் புத்தி போவுது என்று திட்டினாள். நான் தெரிந்துதான் செய்தேன், குருநாதா. வண்டி கிளம்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஊற்றினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சாய்லக்ஷ்மி அம்மாவிடம் போனில் பேசினாள். பேச்சுவாக்கில் அந்தப் பெண் சொன்னது, தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் நீ ஷெட்டுக்குப் போய்த் துணியை விலக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறாயாம், கால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறாயாம். கதவைத் திறக்கச் சாவி வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, அவர்கிட்ட இன்னொரு சாவி இருக்குதே அத்தை, அங்க அனுப்பினது ஸ்பேர் சாவிதானே என்றாளாம். அம்மா அதைச் சாதாரணமாக என்னிடம் வந்து சொன்னாள். நான் கணேஷ்ராம் கடைக்கு ஓடினேன். ஆங், எல்லா வண்டிக்கும் ரெண்டு சாவி குடுப்பான் மாமா, இது கூடவா தெரியாது என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் சாவியை வைத்துக்கொண்டு உன்னை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சாவி உன் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது. ஆறு வாரமாக நீ நின்றது என் வார்த்தைக்காக. அந்த வார்த்தையோ பொய். அவனிடமே சாவி நனைந்துவிட்டது என்று சொல்லி, என்ன செய்வது என்று கேட்டேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அரிசியில் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று கணேஷ்ராம் சொன்னான். அரிசி டப்பாவில் புதைத்து வைத்து, அதைக் கெடுத்த நானே ஒவ்வொரு மணி நேரமும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று காலையில் அதை மேலே எடுத்துக்கொண்டு போய் சாமிநாத குருக்களிடம் கொடுத்தேன், சுவாமி பாதத்தில் வைத்து அர்ச்சனை பண்ணிக் கொடுத்தார், உன் பெயர், உன் நட்சத்திரம், எல்லாம் சரியாகச் சொன்னார். இந்தத் தடவை வண்டி கிளம்பக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதத் தெரியவில்லை. சாவி வேலை செய்யுமா செய்யாதா, அதுவும் தெரியவில்லை, இங்கே போட்டுப் பார்க்க வண்டி ஏது. வேலை செய்யாவிட்டால் அது உன் அப்பன் செய்த வேலை, முருகன் மேல் பழி போடாதே.

இப்போது உண்மையாகவே பஞ்சாங்கம் பார்த்து எழுதுகிறேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை நல்ல நாள். உங்கள் ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்கு எடு, மத்தியானம் ராகு காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வை, கிடைக்காவிட்டால் கடையில் எந்தப் புளிப்புப் பழம் கிடைக்கிறதோ அதை வை. சாய்லக்ஷ்மியை முதல் நாளே ஏற்றிக்கொள்ளாதே. மழை பெய்தால் அடுத்த நாள் எடு, அதற்கு நான் பொறுப்பு, தோஷம் ஒன்றும் இல்லை. அந்தக் கருவி பிடித்துக்கொள்ளும் என்று நம்பி வளைவில் மிதிக்காதே. மெதுவாகப் போ என்று எழுதினால் சிரிப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன், மெதுவாகப் போ.

தேவசேனாவின் பெரியவன் ஆறாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியிருக்கிறான், அவனுக்கு ஒரு வரி எழுதிப் போடு. அம்மா நார்த்தங்காய் உலர்த்தி வைத்திருக்கிறாள், அங்கிருந்து யாராவது இந்தப் பக்கம் வருகிறார்களா என்று விசாரித்துச் சொல். இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருங்கள், அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஒன்பதாம் தேதி வண்டியில் உட்காரும் முன்னால் ஒரு போன், திரும்பி வந்து சாவியைக் கையில் எடுத்ததும் ஒரு போன். உனக்குக் காலை ஒன்பது என்றால் இங்கே சாயங்காலம் ஆறரை, கோயிலில் வேலை இருக்கிற நேரம். அன்றைக்கு அடுப்பை என்னோடு மடைப்பள்ளியில் இருக்கிற கோதண்டத்திடம் விட்டுவிட்டேன், கோயில் ஆபீஸில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு போனுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனாலும் அப்பா போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். வேறு ஒன்றும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
மடைப்பள்ளி ஷண்முகசுந்தரம்